கணக்குக் காட்டும் கடமை

ஒரு நிறுவனம் நொடித்துப்போனால் அதன் பங்குதாரரின் வீடும் நிலமும் ஜப்திக்கு வருவதில்லை. போட்ட முதலோடு அவரது இழப்பு நின்றுவிடுகிறது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று சட்டம் அளித்துள்ள இந்தச் சலுகைக்கு ஈடாக, ஆண்டுக்கொரு முறையேனும் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்க்கிறது. அது நியாயமான எதிர்பார்ப்பு.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, ஆண்டுப் பொதுக்குழு முடிந்த 30 நாள்களுக்குள் நிதிநிலை அறிக்கையையும், 60 நாள்களுக்குள் ஆண்டு விவர அறிக்கையையும் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். கடனுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரியும், வேலையில் சேரும் தொழிலாளியும் நிறுவனத்தின் உண்மை நிலையை அறிய இவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தக் கடமையைப் பல நிறுவனங்கள் நீண்டகாலம் பொருட்படுத்தவில்லை, அரசும் கண்டுகொள்ளவில்லை. 2017-இல் விழித்துக்கொண்ட மத்திய அரசு 2 லட்சத்துக்கும் அதிகமான நிறுவனங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அறிக்கை தாக்கல் செய்யாத நிறுவனங்களின் இயக்குநர்கள் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதியிழந்தவர்களாக அறிவிக்கப்பட்டனர். பெயரளவு நிறுவனங்களைக் களையெடுக்கும் நோக்கம் சரியே. ஆனால், களையோடு பயிரும் பிடுங்கப்பட்டதாகப் பலர் நீதிமன்றங்களை நாடினர். தன் முன் வந்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் அந்தத் தகுதியிழப்பை ரத்து செய்தது.

அதே ஆண்டு ஜூலை முதல், தாமதமாகும் ஒவ்வோர் அறிக்கைக்கும் நாளொன்றுக்கு ரூ.100 கூடுதல் கட்டணம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இதற்கு உச்சவரம்பில்லை. ஓராண்டுத் தாமதத்துக்கு ஓர் அறிக்கைக்கு மட்டும் ரூ.36,500. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு இது கொசுக்கடி. பத்துப் பேருக்கு வேலை தரும் சிறு நிறுவனத்துக்கோ முதுகை முறிக்கும் சுமை. மறுபுறம், 2018-லும் 2020-லும் தாமதித்தவர்களுக்குச் சலுகைத் திட்டங்கள் வந்தன. கடுமையும் கருணையும் மாறிமாறி வந்தால், உரிய காலத்தில் தாக்கல் செய்தவர்தான் ஏமாளியாகிறார்.

இதைவிட முக்கியமானது, அறிக்கையில் இருப்பது உண்மையா என்ற கேள்வி. ஆண்டுதோறும் தணிக்கையாளரின் கையொப்பத்துடன் கணக்கை வெளியிட்டுவந்த சத்யம் நிறுவனத்தில், ரூ.5,000 கோடிக்கும் அதிகமான ரொக்கமும் வங்கி இருப்பும் வெறும் கற்பனை என்பது 2009 ஜனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்ட பிறகுதான் நாட்டுக்குத் தெரியவந்தது. தேதி தவறினால் கணினியே கட்டணத்தைக் கணக்கிட்டுவிடும். பொய்க் கணக்கைக் கண்டறிய மனிதர்கள் படித்துப் பார்த்தாக வேண்டும்.

வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைகளில் சிறியவற்றுக்குக் குறைந்த தாமதக் கட்டணம் என்ற முறை 2022 முதல் நடைமுறையில் உள்ளது. அதே அளவுகோலை நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்துவதில் என்ன தடை? இயக்குநரின் தகுதியைப் பறிக்குமுன் அவரது விளக்கத்தைக் கேட்பதும், பதிவாளர் அலுவலகங்களில் கணக்கை ஆராயும் வல்லுநர்களைப் போதிய அளவில் நியமிப்பதும் அவசியம்.

கணக்குக் காட்டுவது நிறுவனங்களின் கடமை. அந்தக் கணக்கைப் படித்துப் பார்ப்பது அரசின் கடமை. தண்டத்தை வசூலிப்பதோடு தன் வேலை முடிந்தது என்று அரசு கருதினால், அடுத்த மோசடியும் உரிய தேதியிலேயே தாக்கலாகிவிடும்.