டைல் ஒட்டுறது கடைசி நாள் வேலை

உங்க வீட்டு பாத்ரூமுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துட்டுப் போங்க. சுவர் டைலை ஒவ்வொன்னா மெதுவா தட்டிப் பாருங்க. 'டிக் டிக்'னு கெட்டியா சத்தம் வந்தா பிரச்சினை இல்லை. 'டொக் டொக்'னு காலி டப்பா மாதிரி கேட்டா, அந்த டைலுக்குப் பின்னாடி பாதி காற்றுதான் இருக்கு.

எங்க வீட்டு மாடி பாத்ரூமில் ஒரு சுவர் முழுக்க டொக் டொக். போன டிசம்பரில் ஒரு ராத்திரி அதில் ஒரு டைல் தானா விழுந்து உடைஞ்சது. காலையில் அப்பா கேட்டார்: "நீ சிவில்தானே படிக்கிற? என்னன்னு பாரு."

ஏழு செமஸ்டர் முடிச்சிருந்தேன். சிமெண்ட் ஹைட்ரேஷன் பத்தி ரெண்டு பக்கம் எழுதுவேன். பீம் டிசைன் போடுவேன். டைல் ஏன் விழுந்துச்சுன்னு மட்டும் தெரியலை.

அந்த லீவில், தெருவில் இருக்கிற ஒரு டைல்ஸ் மேஸ்திரி அண்ணன்கிட்ட கெஞ்சி, அவருக்கு சித்தாளா நின்னு அந்த 6 அடிக்கு 4 அடி பாத்ரூமை திரும்பப் போட்டோம். மொத்தம் 22 நாள். அதில் டைல் ஒட்டினது கடைசி 3 நாள்தான். என் கருத்து அந்தக் கணக்கிலிருந்துதான் வருது: முதல் தடவை டைல் போடப் போறவங்க கவலைப்பட வேண்டியது அந்த 3 நாளைப் பத்தி இல்லை. மீதி 19 நாளை நாம யாருமே வேலைன்னு நினைக்கிறது கிடையாது. சம்பளம் பேசும்போதும் நினைக்கிறது இல்லை, பாடத்திலும் நினைக்கிறது இல்லை.

விழுந்த டைலைத் திருப்பிப் பார்த்தா கதை அதிலேயே இருந்துச்சு. நடுவில் ஒரு உருண்டை, நாலு மூலையில் நாலு உருண்டை கலவை. அந்த உருண்டைகள் மேல நீல நிற டிஸ்டெம்பர், தோல் மாதிரி உரிஞ்சு ஒட்டியிருந்தது. அதாவது பழைய பெயிண்டைக் கொத்தி எடுக்காம அது மேலேயே ஒட்டியிருக்காங்க. டைல் கலவையைப் பிடிச்சுது, கலவை பெயிண்டைப் பிடிச்சுது, பெயிண்ட் சுவரைப் பிடிக்கலை. அப்போ யார் போட்டாங்களோ, அவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். "கொத்துற கூலி எதுக்கு, அப்படியே ஒட்டுங்க"ன்னு சொன்னது எங்க வீடுதான். அப்பாவே ஒத்துக்கிட்டார்.

அதனால முதல் வேலை, சுவரில் தண்ணி தெளிச்சுப் பாருங்க. தண்ணி முத்து முத்தா நின்னு வழிஞ்சா அங்கே பெயிண்ட், பட்டி, எண்ணெய் ஏதோ ஒன்னு இருக்கு. சுரண்டி, கொத்திவிட்டு, தூசியைக் கழுவணும். ஊத்தின நொடியே உறிஞ்சிட்டா பூச்சு ரொம்பக் காய்ஞ்சிருக்கு, கலவையில் இருக்கிற தண்ணியையும் அது குடிச்சிடும். அதை லேசா நனைச்சுட்டு வேலையைத் தொடங்கணும். கொப்பளிச்ச பூச்சு இருந்தா அதைத் தட்டி எடுத்துட்டுப் புதுசா பூசி, குறைஞ்சது ஒரு வாரம் நனைச்சு வைக்கணும். இந்த ஒரு வாரம்தான் எல்லாரையும் கடுப்பேத்தும். ஆளும் இல்லாம வேலையும் நடக்காம, நீங்க காலையும் சாயங்காலமும் சுவருக்குத் தண்ணி அடிச்சுட்டு இருப்பீங்க. வீட்டில் எல்லாரும் கீழே போய் குளிச்சுட்டு வந்து உங்களை முறைப்பாங்க.

அடுத்தது தரை. அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "வாட்டம் எந்தப் பக்கம் தம்பி?" நான் முழிச்சேன். இங்கிலீஷ் மீடியம் வாழ்க்கையில் எனக்குத் தெரிஞ்ச வாட்டம் முகவாட்டம் மட்டும்தான். ஸ்லோப்னு புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. கரணை, மட்டப்பலகை, ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு எல்லாமே அந்த 22 நாளில்தான் கத்துக்கிட்டேன். ஜூனில் சைட்டுக்குப் போய் நிற்கப்போற நமக்கு இந்த வார்த்தைகள் தெரியாம அங்கே இருக்கிறவங்களை எப்படி சூப்பர்வைஸ் பண்ணப்போறோம்? உங்க லேப் ரெக்கார்டில் இதில் ஒன்னாவது இருக்கான்னு பாருங்க.

வாட்டம் 100-க்கு 1 அளவாவது வேணும். 6 அடி நீளத்துக்கு முக்கால் அங்குலம் இறங்கணும். அது நஹானி ட்ராப்பை நோக்கித்தான் இறங்கணும். எங்க பழைய தரையில் தண்ணி எதிர் மூலையில் போய் நிற்கும். ஆச்சி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த மூலையில்தான் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைச்சுக்கிட்டாங்க. வழுக்காத டைல் வாங்கணும்னு அப்பவே எல்லாரும் பேசினோம். வாட்டத்தைப் பத்தி ஒருத்தரும் பேசலை.

தரைக் கலவை காய்ஞ்சதும் வாட்டர் ப்ரூஃபிங், சுவரில் ஒரு அடி உயரம் ஏத்தி ரெண்டு கோட் அடிச்சோம். அது காய்ஞ்ச பிறகு ட்ராப்பைத் துணி வச்சு இறுக்கி அடைச்சு, தண்ணி நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டோம். மறுநாள் பார்த்தா கோட்டிலிருந்து ஒரு அங்குலம் இறங்கியிருக்கு. கீழ் வீட்டில் குடியிருக்கிறவங்க சீலிங்கில் ஈரம். ட்ராப் குழாயைச் சுத்தி விட்டிருந்த இடைவெளியில்தான் இறங்கியிருக்கு. மறுபடி உடைச்சு, அடைச்சு, கோட் அடிச்சு, மறுபடி தண்ணி நிரப்பினோம். "இன்னும் நாலு நாளா?"ன்னு அப்பா எரிஞ்சு விழுந்தார். அந்தச் சோதனையை விட்டிருந்தா அந்த ஈரம் மூணு மாசம் கழிச்சு, டைல் எல்லாம் ஒட்டி முடிச்ச பிறகு, கீழ் வீட்டுக்காரங்க சாப்பாட்டுத் தட்டில் சொட்டியிருக்கும். யூடியூபில் பாட்டு போட்டு ஃபாஸ்ட் ஃபார்வர்டில் ஓடுற டைல் வீடியோக்களில் இந்தப் பென்சில் கோடு வர்றதை நான் ஒரு தடவைகூடப் பார்க்கலை.

இப்ப எனக்கும் அண்ணனுக்கும் வந்த சண்டை. தரைக்கு வாங்கினது விட்ரிஃபைட், சுவருக்கு சாதா செராமிக். அண்ணன் ரெண்டுக்கும் சிமெண்ட் பால்தான்னார். சுவர் டைல் தண்ணி குடிக்கும், எடையில் 10 சதவீதத்துக்கு மேலகூட. அதை ஊறவச்சு சிமெண்டில் ஒட்டுற பழைய வழி நியாயமானது. விட்ரிஃபைட் 0.5 சதவீதம்கூட குடிக்காது. ஊறவச்சும் பிரயோஜனம் இல்லை, சிமெண்ட் பால் போய்ப் பிடிக்க அதில் துளையே கிடையாது. அதுக்குத்தான் பாலிமர் கலந்த டைல் பசை. மூட்டையில் ஐ.எஸ். 15477-ன்னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பசையைக் கலக்கி, அஞ்சு நிமிஷம் விட்டு, மறுபடி கலக்கி, பல் வச்ச கரணையால் ஒரே திசையில் கோடு இழுக்கணும். உருண்டை வைக்கக் கூடாது. மேல ஆடை கட்டிடுச்சுன்னா சுரண்டிப் போட்டுட்டுப் புதுசா பூசுங்க. இந்த விஷயத்தில் நான் சொன்னது சரி, அண்ணன் தப்பு. வாட்டத்தில் அவர் கண்ணாலேயே பிடிச்சதை நான் ரசமட்டம் வச்சும் ரெண்டு தடவை தப்பு பண்ணினேன். நமக்குத் தெரிஞ்சது மூட்டையில் எழுதியிருக்கிறதுதான், அவருக்குத் தெரிஞ்சது தரை. ஒருத்தரை ஒருத்தர் கேட்காததால்தான் ஊரில் இத்தனை பாத்ரூம் டொக் டொக்னு கேட்குது.

ஒட்டுறதுக்கு முன்னாடி டைலைச் சும்மா பரப்பிப் பாருங்க, பசை இல்லாம. சுவர் 4 அடி 1 அங்குலம், டைல் 1 அடின்னு வைங்க. ஒரு மூலையிலிருந்து முழு டைலா ஆரம்பிச்சா கடைசியில் 1 அங்குலக் கீற்று வரும், அதை வெட்டும்போதே உடையும். நடுவில் 3 முழு டைல், ரெண்டு ஓரமும் ஆறரை அங்குலம்னு பிரிச்சா பார்க்கவும் நல்லா இருக்கும், வெட்டவும் சுலபம். சுவரில் கீழ் வரிசையிலிருந்து ஆரம்பிக்காதீங்க. தரை வாட்டமா இருக்கிறதால எல்லா வரிசையும் சாய்ஞ்சிடும். ரெண்டாவது வரிசை மட்டத்தில் ஒரு நேரான கட்டையை அடிச்சு, அது மேல அடுக்கிட்டு, கீழ் வரிசையைக் கடைசியா அளந்து வெட்டுங்க. டைல் 10 சதவீதம் அதிகமா வாங்குங்க. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பரான்னு கடையிலேயே பார்த்துடுங்க, இல்லைன்னா வெள்ளையிலேயே ரெண்டு வெள்ளை தெரியும்.

வெட்டும்போது பறக்கிற தூசி பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. டைலைக் கிரைண்டரில் உலர்வா அறுத்தா வர்ற பொடியில் சிலிகா இருக்கு. அது நுரையீரலில் தங்கினா சிலிகோசிஸ் வரும், குணமாக்க மருந்து கிடையாது. அண்ணன் இருபது வருஷமா மூக்கில் துண்டைக் கட்டிக்கிட்டு அறுக்கிறார். துண்டு அதைத் தடுக்காது. நேர் வெட்டுக்குக் கையால் கீறி ஒடிக்கிற கட்டர் போதும். மெஷின்னா தண்ணி விட்டு அறுக்கிறது வேணும், என்-95 மாஸ்க்கும் வேணும். அவருக்கு ஒன்னு வாங்கிக் கொடுத்தேன். அரை நாள் போட்டார், "மூச்சு முட்டுது தம்பி"ன்னு கழட்டிட்டார். நாளைக்கு நாம சைட் இன்ஜினியரா இருக்கும்போது தண்ணி விட்டு அறுக்கிற மெஷினை எஸ்டிமேட்டில் சேர்ப்போமா, இல்லை அதையும் 'தேவையில்லாத செலவு'ன்னு வெட்டுவோமா?

"அப்போ நானே போட்டா கூலி மிச்சமா?"ன்னு கேட்காதீங்க. எனக்கு மிச்சம் ஆகலை. உடைச்ச டைலையும் வீணான பசையையும் சேர்த்தா கணக்கு சமம்தான். முதல் முயற்சியை பாத்ரூமில் வைக்கவும் வேண்டாம். அடுப்படி மேடைக்கு மேல ரெண்டு வரிசை, இல்லைன்னா ஒரு பால்கனி மூலையில் ஆரம்பிங்க. ஆனா ஃபைனல் இயர் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது கையில் பசை ஒட்டட்டும். டிபார்ட்மெண்ட்டில் ஒரு செங்கல் சுவரைக் கட்டி, பூசி, டைல் ஒட்டி, அடுத்த வருஷ பசங்க அதைத் தட்டிப் பார்த்து மார்க் போடட்டும். அதுக்கு ஒரு ஆய்வகம்கூட வேண்டாம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற இடமே போதும்.

எங்க பாத்ரூமில் கதவுக்குப் பின்னாடி, மூணாவது வரிசையில் ஒரு டைல் இருக்கு. நான் தனியா ஒட்டினது. போன வாரம் ஊருக்குப் போனப்போ தட்டிப் பார்த்தேன், டொக். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.