பத்தாம் வகுப்பு ஊசியோடு இதையும் சேர்க்க வேண்டும்

ஹெப்படைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இரத்தத்தாலும் பிற உடல் திரவங்களாலும் தொற்றும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். காய்ந்த இரத்தத் துளியிலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு இத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பலர் அதை அறியாதவர்கள். ஈரல் சுருங்கிய பிறகோ, புற்றுநோய் கண்ட பிறகோதான் தெரியவருகிறது.

கடலூர் மாவட்டத்தில் காமாலை என்றாலே தண்ணீரைத்தான் சந்தேகிப்பார்கள். 2015-இலும், ஃபெஞ்சல் புயல் வந்த 2024-இலும் வெள்ளத்தில் தத்தளித்த மாவட்டம் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் அசுத்த நீரால் வருபவை ஹெப்படைட்டிஸ் ஏ, இ வகைகள். பி வகைக்கும் குடிநீருக்கும் தொடர்பில்லை. கீழாநெல்லி மீதான நம்பிக்கையையும் இங்கே பேசியாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் ‘லான்செட்’ இதழில் இம்மூலிகைக்கு ஆதரவான முடிவை வெளியிட்டார்கள். பிற இடங்களில் நடந்த பிந்தைய ஆய்வுகளில் அந்த முடிவு உறுதிப்படவில்லை. பெரியவர்களுக்கு வைரஸால் வரும் திடீர்க் காமாலை பெரும்பாலும் தானாகவே தணியும். பெயர் மூலிகைக்குப் போகும். நாள்பட்ட பி தொற்றிலோ கண் மஞ்சளாவதே அரிது. காமாலைக்காகக் காத்திருப்பவர் நோயைத் தவறவிடுவார்.

பிறந்தவுடன் தொற்றினால் 90 விழுக்காட்டுக்கு மேல் அது நிலைத்துவிடும். பெரியவர்களில் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படியானால் உயர்நிலை, மேல்நிலை மாணவர்களைப் பற்றி ஏன் கவலை? தடுப்பூசி பெறாமல் வளர்ந்தவர்களில் சிலர் சிறு வயதிலேயே தொற்றைச் சுமந்திருக்கக்கூடும். மற்றவர்கள் ஆபத்து கூடும் வயதுக்குள் இப்போதுதான் நுழைகிறார்கள்: முதல் சவரம், திருவிழாக் கடையில் பச்சை குத்துதல், விடுதியில் பகிர்ந்துகொள்ளும் பிளேடு, போலி மருத்துவர் போடும் ஊசி. குஜராத்தின் மொடாசாவில் 2009-இல் பலரைக் கொன்ற பி வகைப் பரவலுக்குக் காரணம், ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதுதான்.

தமிழ்நாட்டில் அரசின் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 2007-08-இல் விரிவாக வந்தது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் தொடங்கியது. இன்று பிளஸ் ஒன், பிளஸ் டூ படிப்பவர்கள் பலர் இந்த இடைக்காலத்தில் பிறந்தவர்கள். எல்லாத் தவணைகளும் போடப்பட்டனவா என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வீடுகள் எத்தனை? தடுப்பூசி அட்டை வெள்ளத்தோடு போன வீடுகளும் உண்டு.

இந்த இடைவெளியை அடைக்கப் புதிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 10 வயதிலும், பத்தாம் வகுப்பையொட்டிய 16 வயதிலும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி போடச் சுகாதாரத் துறையினர் ஏற்கெனவே பள்ளிக்கு வருகிறார்கள். அந்த நாளில் அட்டையைப் பார்த்து, சான்று இல்லாத மாணவருக்கு, பெற்றோர் ஒப்புதலோடு, ஹெப்படைட்டிஸ் பி முதல் தவணையையும் போட வேண்டும். ஏற்கெனவே போட்டவருக்கு மீண்டும் போட்டாலும் தீங்கில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல்நிலை வகுப்புகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடலூர் பழைய நகரம் முதல் சிதம்பரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை வரை அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இதில் கூடாது.

இரத்தப் பரிசோதனையைப் பள்ளியில் கட்டாயமாக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்வதாலோ, சோற்றைப் பகிர்வதாலோ, கொசுவாலோ இது பரவாது. தொற்றுள்ள மாணவரைத் தனியே உட்கார வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தொற்று தெரியவந்தால், பெயர் வெளியே போகாமல், கடலூர் தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெப்படைட்டிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

தவணைகள் 3: முதலாவது போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஜூனில் தொடங்கினால் கடைசி ஊசி டிசம்பரில் விழும். கடலூரில் அது புயல் விடுமுறைக் காலம். தேதி தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பள்ளி திறந்ததும் விட்டுப்போன ஊசியைப் போட்டால் போதும்.