துருப்பிடித்த பூட்டும் மழைக்காலமும்



தாம்பரம், சேலையூர், முடிச்சூர்ப் பக்கங்களில் தனி வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். மின்சார மீட்டரும் மெயின் சுவிட்சும் பல வீடுகளில் வெளிச்சுவரில்தான் இருக்கின்றன. அவற்றைக் காக்க ஒரு சிறிய கம்பிக் கதவு. அதில் ஒரு பூட்டு. வாசற்கதவை நாள்தோறும் திறந்து மூடுகிறோம். இந்தப் பூட்டையோ மாதக்கணக்கில் எவரும் தீண்டுவதில்லை. கணக்கெடுக்க வருபவரும் கம்பி இடைவெளியிலேயே எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். மழைநீரும் புழுதியும் அதற்குள் புகுந்துகொண்டே இருக்கின்றன.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இங்கே நீர் சூழ்ந்தது. வாசலில் நீர் ஏறும் முன்னரே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில், சாவி கையில் இருந்தும் பூட்டு திறக்க மறுத்தால் என்ன செய்வது? முழங்கால் நீரில் நின்றுகொண்டு இரும்புக் கதவோடு மல்லுக்கட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். அப்போது கதவைத் தொடவே கூடாது. மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, தெருவின் மின்சாரத்தையே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு காய்ந்த பகற்பொழுதைத் தேர்ந்துகொள்ளுங்கள். கையும் காலணியும் உலர்ந்திருக்கட்டும். முதலில் டெஸ்டரைக் கம்பிக் கதவில் வைத்துப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்தால் விலகி நின்று மின்பணியாளரை அழையுங்கள்.

எரியவில்லையா? இனி, குற்றம் பூட்டிலா, கதவிலா என்று ஆராய வேண்டும். கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டால், தாழ்ப்பாள் பூட்டின் வளையத்தை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு கையால் கதவைச் சற்றே தூக்கிப் பிடித்து, மறு கையால் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பழுதென்று தூக்கி எறியப்படும் பூட்டுகள் பல இந்த ஒரு செயலிலேயே திறந்துவிடும்! கடையில் வெட்டிய மாற்றுச் சாவியாக இருந்தால், பழைய மூலச் சாவியையும் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் மசியாவிடில் காரணம் துருவாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் எல்லா நோய்க்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து! பூட்டுக்கு அது ஆகாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நாளடைவில் பிசினாகிப் புழுதியையும் ஈர்த்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு சாவித் துளையிலும், ஒரு சொட்டு வளையம் உடலுக்குள் நுழையும் இடத்திலும் விடுங்கள். ஓர் இரவு ஊறட்டும். மண்ணெண்ணெயும் துருவை இளக்கும்; ஆயினும் மெயின் சுவிட்சின் அருகே தீப்பற்றும் பொருள் வேண்டாம், தெளிப்பான் டப்பாக்களும் வேண்டாம். மறுநாள் சாவியைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைத்துத் திருப்புங்கள். குறடு கொண்டு முறுக்காதீர்கள். சாவி உள்ளே முறிந்தால் வேலை இரட்டிப்பாகும்.

சிறிய பித்தளைப் பூட்டுகளின் உள்ளே நுண்ணிய ஊசிகளும் சுருள்வில்களும் இருக்கும். அவற்றுக்கு எண்ணெயைவிடப் பென்சில் கரித்தூள் நல்லது. சாவியின் பற்களில் பென்சிலைத் தேய்த்து நுழைத்தால் போதும். மதரஸா விடுதியில் டிரங்குப் பெட்டி வைத்திருக்கும் சிறுவர்களைக் கேளுங்கள், செய்தே காட்டுவார்கள்.

எதற்கும் அசையாத பூட்டின் மீது இரக்கம் காட்ட வேண்டியதில்லை. இரும்பு அறுக்கும் கைவாளால் வளையத்தை அறுத்துவிடுங்கள். புதிய பூட்டின் விலை உயிரின் விலையன்று. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டு, உறுதிக்குப் பெயர் போனது. எதை வாங்கினாலும் சாவித் துளை கீழ்நோக்கித் தொங்குமாறு மாட்டி, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டைக் கூரைபோல் மேலே தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இனி, சாவி. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கஅபாவின் சாவியை உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமே திரும்ப ஒப்படைத்தார்கள். இன்றுவரை அக்குடும்பத்தாரிடமே அந்தப் பொறுப்பு இருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளாக அந்தச் சாவி யாரிடம் என்று உலகுக்கே தெரியும். நம் மீட்டர் பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டாலோ, வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்!

நம் குடும்பங்கள் பலவற்றில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். மழை இரவில் வீட்டில் இருப்பவர்கள் தாயும் பிள்ளைகளும்தாம். விடுமுறையில் ஊர் வரும் சகோதரரே, ஒரு பகற்பொழுதில் உங்கள் துணைவியாரை அழைத்துச் சென்று, அவர் கையாலேயே அந்தப் பூட்டைத் திறக்கச் செய்யுங்கள். மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். பிறகு ஒரு சாவியை அவரிடமும் மற்றொன்றை மூத்த பிள்ளையிடமும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.