பேணும் கைகளுக்கும் தொழில் உண்டு

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், வைத்தியம், பொறியியல், ஆசிரியத் தொழில் என்னும் மூன்றுக்கு அப்பால் நம் பெற்றோரின் சிந்தனை செல்வது அரிது. பல்கலைக்கழக அனுமதி கிட்டாத மகளோ மகனோ வீட்டின் முன்னறையில் ஏக்கத்துடன் அமர்ந்திருக்க, அதே வீட்டின் உள்ளறையில் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த மூத்தம்மா, ஒரு மிடறு நீருக்காக யாரேனும் வருவாரா என்று வாயிலை நோக்கியிருப்பார். வேலை தேடும் கைகளும், கைகளைத் தேடும் வேலையும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருப்பது விந்தையே. இவ்விரண்டையும் இணைக்கும் தொழிலைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகின்றோம்.

வரிப்பத்தான்சேனை, இறக்காமம் முதலிய வயல்சூழ் ஊர்களிலும், கல்முனைக் கரையோரத்திலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களிடையே பழைய வழக்கமொன்று உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டிற்கு வரவழைத்துக்கொள்வர். இதனால் உம்மாவும் வாப்பாவும் முதுமையில் மகளின் அருகிலேயே வாழ்கின்றனர். முதியோரைப் பேணும் பொறுப்பு, எவரும் எழுதி வையாமலே, மகளின் தோளில் ஏறிவிடுகின்றது. முதியோர் இல்லம் என்னும் சொல்லே இங்கு பழிச்சொல்லாக ஒலிப்பதற்கும் இதுவே காரணம்.

வழக்கம் நன்றே. எனினும், காலம் மாறிவிட்டது. அந்த மகள் இன்று பாடசாலையில் கற்பிக்கிறாள், அலுவலகம் செல்கிறாள், வறுமை துரத்தினால் வளைகுடா நாட்டில் அந்நியர் வீட்டுக் குழந்தையைப் பேணுகிறாள். அதே வேளையில் முதியோர் தொகை பெருகுகின்றது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனுமொரு இடர்ப்பாடு உடையவர்கள். இத்தனை பேரையும் மகள்மாரின் பாசம் ஒன்றினாலேயே பேணிவிடலாம் என்று எண்ணுவது அம்மகள்மாருக்குச் செய்யும் அநீதியாகும்.

பேணுதல் என்றதும் பலர் பணிப்பெண் வேலையை நினைக்கின்றனர். அஃது அறியாமை. படுக்கையிலிருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் முதுகில் புண் தோன்றும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். தம் முதுகு முறியாமல் மற்றொருவரைத் தூக்கி இருத்தும் முறையைப் பயின்றிருத்தல் வேண்டும். மறதி நோயால் மகளையே அடையாளம் காணாத தாயிடம் வாதாடாமல் பேசத் தெரிதல் வேண்டும். நீராட்டும்போது அவர் மானத்தைக் காத்தல், தொழுகை நேரத்தில் வுழூச் செய்ய உதவுதல், எவ்வேளையில் எம்மருந்து கொடுக்கப்பட்டது என்பதைக் குறித்து வைத்தல் ஆகிய யாவும் இத்தொழிலின் பாடங்களே.

இதற்கு அடுத்த படியொன்றும் உண்டு. தனித்து வாழ இயலாரென்று உலகம் ஒதுக்கியவரை, அவருக்குரிய துணையைக் கொடுத்து, ஊருக்குள்ளேயே வாழ வைப்பது அது. துணையுடன் வாழ்தல் எனலாம். இதன் அருமையை அறிய, கடலுக்கு அப்பால் தமிழகத்தை நோக்குவோம். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி, இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். தம்மவரை அங்கு விட்டுச் சென்ற குடும்பத்தார் யாவரும் கொடியவரல்லர். வேறு வழி அறியாதவர்கள்.

அவ்வழியை அதே தமிழகம் காட்டியது. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், வீதியில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காகச் சென்னையில் ‘பேனியன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். குணமடைந்தோர் பலர் வீடு திரும்பினர். திரும்ப வீடில்லாதோர் ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே தங்க நேர்ந்தது. 2015இல் அந்நிறுவனம் ‘ஹோம் அகெய்ன்’ என்னும் திட்டத்தை ஆரம்பித்தது. சாதாரணத் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு. அதில் நால்வர் அல்லது ஐவர். அவர்களுக்குத் துணையாக அயலூர்ப் பெண்கள். சமைப்பதும், சந்தைக்குச் செல்வதும், அண்டை வீட்டாருடன் அளவளாவுவதும் அவர்களே. துணையாக இருப்பவள் அவர்களுக்காக யாவற்றையும் செய்துவிடுவதில்லை. அவர்கள் செய்யும்வரை அருகில் நிற்கிறாள். இப்பணிக்கு வந்த பெண்களிற் பலர் முன்னர் எத்தகைய மருத்துவப் பயிற்சியும் பெறாதவர்கள் என்பது நோக்கத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இத்திட்டத்தையும் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக எடுத்துக் காட்டியுள்ளது.

நமது நாடும் இத்துறையில் வெறுங்கையுடன் நிற்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அத்துயரின் பின்னரே மனநலச் சேவை தலைநகரை விட்டு மாவட்டங்களுக்குப் பரவலாயிற்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996இலும், முதியோரின் உரிமைகளைக் காக்க 2000இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. மாற்றுத்திறனாளிகள் சமூகத்தினுள்ளே வாழும் உரிமையைக் கூறும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றது. ஏட்டிலுள்ள உரிமை வீட்டிற்கு வருவதற்குப் பயின்ற மனிதர் வேண்டும்.

பயிலும் வழி யாது? பராமரிப்பாளர் பயிற்சிக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. கட்டணம் செலுத்துமுன், அந்நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, பயிற்சியின் முடிவில் அச்சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டறிக. மேலே செல்ல விரும்புவோர்க்கு, 1952இல் தோன்றிய சமூகப்பணிக் கல்விநிலையத்தின் வழிவந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் டிப்ளோமாவும் பட்டமும் அளிக்கின்றது. பிரதேச செயலகங்களில் சமூக சேவைகள் உத்தியோகத்தர், முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் முதலிய பதவிகளும், வைத்தியசாலைகளில் உளமருத்துவச் சமூகப்பணியாளர் பதவியும் உள்ளன. வெளிநாடு செல்ல நினைப்போர், வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்ற முகவரையன்றி வேறெவரையும் நம்பற்க.

வேதனத்தைப் பற்றி இனிப்பாகப் பேச யாம் விரும்பவில்லை. தொடக்கத்தில் அது குறைவே. வேலை நேரமோ நீண்டது. நிறுவனமொன்றில் சேர்வோர் நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்துவது சட்டம். தனி வீடுகளில் நேரடியாகப் பணிபுரிவோர்க்கு இப்பாதுகாப்பு எளிதிற் கிட்டுவதில்லை. ஆதலின் அவர்கள் வேலை நேரம், ஓய்வு நாள், வேதனம் மூன்றையும் முன்னரே எழுத்தில் தீர்த்துக்கொள்வது நன்று. ஓய்வின்றிப் பேணுபவர் நாளடைவில் தாமே நோயாளியாகிவிடுவர்.

இத்தொழில் எல்லோர்க்கும் ஏற்றதன்று. மாணவர்களே, உங்கள் மனத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உறவினர் அல்லது அயலார் வீட்டு முதியவர் ஒருவருடன், ஒரு மாதம், வாரத்தில் இரு பிற்பகல்களைக் கழித்துப் பாருங்கள். ஒரே கதையைப் பத்தாம் முறை கேட்கும்போதும் முகம் சுளிக்காதிருக்க இயலுமாயின், நீங்கள் இதற்கு உரியவர்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ‘ஊரார் என்ன சொல்வர்?’ என்று மகளைத் தடுக்குமுன், அவ்வூரார் ஒவ்வொருவரும் ஒருநாள் முதுமை எய்துவர் என்பதை நினைமின். அன்று அவர்கள் முதலில் தேடி வருவது, பொறுமையும் பயிற்சியும் ஒருங்கே பெற்ற அம்மகளைத்தான்.