மைதானத்துச் சாவி யார் கையில்?



மதுரை சக்கிமங்கலம் ரேவதியை மறந்திருக்க மாட்டீங்க. சின்ன வயசுலேயே அப்பா அம்மாவை இழந்த பிள்ளை. கூலி வேலை பார்த்து வளர்த்தது பாட்டி. பள்ளிக்கூடப் போட்டியில் வெறுங்காலோடு ஓடின ரேவதியைப் பார்த்தார் பயிற்சியாளர் கண்ணன். பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிப் பாட்டியிடம் பேசினார். தினமும் பஸ் காசுக்கு எங்கே போறதுன்னு அந்தக் குடும்பத்துக்குக் கவலை. பிறகு லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணியின் நாலு பேரில் மூணு பேர் நம்ம தமிழ்நாடு: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ்.

இந்தக் கதையில் பள்ளிக்கூடம் இருக்கு, கல்லூரி இருக்கு, அரசு மைதானம் இருக்கு. மூணில் ஒண்ணு இல்லைன்னாலும் ஒலிம்பிக் இல்லை.

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதுக்காக ரேஸ்கோர்ஸில் சர்வதேசத் தரத்தில் ஹாக்கி அரங்கம் வந்தது. வரவேற்கிறோம். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம்னும் அறிவிப்பு இருக்கு. அதையும் வரவேற்கிறோம். ஆனா உலகக் கோப்பை நடந்தது 13 நாள். வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் அந்த மாதிரி மைதானம் யாருக்கு? நம்ம கேள்வி இதுதான்.

பல்நோக்கு மைதானம்னா என்ன? 400 மீட்டர் ஓடுதளம், நடுவில் கால்பந்துத் திடல், ஓரத்தில் நீளம் தாண்டும் மணல் குழி. ஈட்டி எறியும்போது உள்ளே கால்பந்து ஆட முடியாது. கால்பந்து நடந்தா ஈட்டிக்காரன் காத்திருக்கணும். பள்ளிக்கூடம் விடுறதும் கல்லூரி விடுறதும் சாயங்காலம்தான். எல்லாரும் வர்றது அதே ரெண்டு மணி நேரத்துக்கு. அப்போ நேர அட்டவணை இல்லைன்னா என்ன ஆகும்? செல்வாக்கு உள்ளவன் உள்ளே, இல்லாதவன் வெளியே.

கல்லூரி அணிக்கு லெட்டர் பேடு இருக்கு, போன் பண்ண ஆள் இருக்கு. தனியார் அகாடமிக்குக் காசு இருக்கு. அரசுப் பள்ளி பி.டி. சாருக்கு என்ன இருக்கு? இருபது பிள்ளைங்களும் ஒரு விசிலும். கல்லூரி அணி மேல நமக்குக் கோபம் இல்லை. இன்னைக்குக் கேட்டுக்கு வெளியே நிற்கிற பிள்ளைதான் நாளைக்கு அந்தக் கல்லூரி அணியில் ஆட வேண்டியது. பள்ளிப் பிள்ளையை விரட்டினா மூணு வருஷம் கழிச்சு அந்த அணிக்கே ஆள் கிடைக்காது.

நாம கேட்பது நாலே விஷயம்:

1. ஒவ்வொரு அரசு மைதானத்து வாசலிலும் நேர அட்டவணை போர்டு. எந்த நேரம் எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்த விளையாட்டுன்னு எல்லாரும் படிக்கிற மாதிரி.

2. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிக்குச் சாயங்காலத்தில் ஒதுக்கின நேரம், கட்டணம் இல்லாம. பராமரிப்புக்குக் காசு வேணும்தான். அதைக் கொடுக்க முடிஞ்சவங்ககிட்ட வாங்குங்க.

3. பெண் பிள்ளைகளுக்குப் பூட்டாத கழிப்பறை, உடை மாற்ற அறை, எரியுற விளக்கு. இருட்டின பிறகு பயந்துக்கிட்டுப் போற இடத்துக்கு எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டாங்க.

4. விளையாட்டுத் திடலில் பொதுக்கூட்டம், பொருட்காட்சி வேண்டாம். பந்தல்கால் குழி ஒவ்வொண்ணும் ஓடுற பிள்ளையோட கணுக்காலுக்கு வெச்ச கண்ணி. செயற்கை ஓடுதளத்தில் லாரி ஏறினா சேதத்தைச் சரிபண்ண லட்சக்கணக்கில் ஆகும்.

நாலாவது கோரிக்கை நமக்கும் சேர்த்துத்தான் தோழர்களே. மேடை போட மைதானம் கேட்காத கட்சி இந்த மண்ணில் ஏது? நாமளும் கேட்டிருக்கோம். மத்தவங்களைக் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி நம்ம கூட்டத்துக்கு வேற இடம் பார்ப்போம்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்க ஊர் மைதானத்துக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போங்க. கேட் திறந்திருக்கா? போர்டு இருக்கா? பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைங்க உள்ளே இருக்காங்களா, வெளியே இருக்காங்களா? பி.டி. சார்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க. பார்த்ததைக் கமெண்ட்ல எழுதுங்க. பிள்ளைங்க முகம் தெரியுற படம் வேண்டாம், கேட் படம் போதும். ஊர் வாரியாத் தொகுத்து அந்தந்த மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மனுவாகக் கொடுப்போம்.

மைதானம் கட்டினவங்க பேரு கல்வெட்டில் இருக்கட்டும். சாவி பிள்ளைங்களுக்குக் கிடைக்கட்டும்.

#மைதானம்_மாணவருக்கே
#கேட்டைத்_திற