பெயர்ப் பலகை மாறும் முன் ஊரைக் கேளுங்கள்

ஊர்ப் பணத்தில் எழும்பி, அரசு தரும் சம்பளத்தில் நடந்துவரும் ஒரு கல்வி நிலையத்தை, நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டு வேறொன்றாக மாற்றிவிட முடியுமா? முடியும் என்று சொல்லும் மசோதா ஒன்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டத் திருத்த மசோதா என்பது அதன் பெயர். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் நிலம் வேண்டும். திருத்தம் அதை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கராகவும், நகராட்சி, பேரூராட்சிகளில் 35 ஏக்கராகவும், பிற இடங்களில் 50 ஏக்கராகவும் குறைத்தது. அதைவிட முக்கியமாக, ஏற்கெனவே இயங்கிவரும் கல்லூரிகள், அரசு உதவி பெறுபவை உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ள வழி திறந்தது.

ஏயுடி, மூட்டா உள்ளிட்ட ஆசிரியர் அமைப்புகளும், மாணவர் அமைப்புகளும், ஆளும் கூட்டணிக்குள்ளேயே இருந்த கட்சிகளும் எதிர்த்தன. மசோதாவைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக அந்த மாதமே அரசு அறிவித்தது. எதிர்ப்புக் குரலுக்குச் செவி சாய்த்ததை வரவேற்கிறோம். ஆனால் மறு ஆய்வு என்பது கைவிடுதல் ஆகாது. அந்த யோசனைக்குப் பின்னால் இருக்கும் ஆசையும் நெருக்கடியும் அப்படியேதான் இருக்கின்றன. அவை மிகுதியாக அழுத்தும் இடங்களில் ஒன்று நம் கொங்கு மண்டலம். அதனால்தான் இந்த எச்சரிக்கையை இப்போதே எழுதுகிறோம்.

கோவையை எண்ணிப் பாருங்கள். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டதும் இதே 2025 அக்டோபரில்தான். அந்தச் சாலையின் இருபுறமும் நம் பழைய கல்வி நிலையங்கள் இருக்கின்றன. அவை தோன்றிய காலத்தில் சுற்றிலும் தோட்டமும் பஞ்சாலையுமாக இருந்தது. இன்று சென்ட் கணக்கில் விலை பேசப்படும் மாநகர மையம். 100 ஏக்கர் என்ற வரம்பு இருக்கும்வரை நகருக்குள் உள்ள வளாகங்கள் பல்கலைக்கழகக் கனவை நெருங்கவே முடியாது. 25 ஏக்கர் என்றால் நெருங்கலாம். நில வரம்பைக் குறைத்தது வெறும் எண் மாற்றம் என்று கடந்துபோய்விட வேண்டாம். எந்த ஊரில், எந்தக் கல்லூரிகளுக்குக் கதவு திறக்கிறது என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது.

சட்ட நிலை மாற்றம் எல்லாமே கேடு என்று நாம் சொல்லவில்லை. இந்த மண்ணின் கல்வி வரலாறே அப்படிப்பட்ட மாற்றங்களால் ஆனது. பீளமேடு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கி 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தை அமைத்தார்கள். அதற்கு முன்பே தொடங்கியிருந்த சர்வஜன பள்ளி அந்த அறநிலையத்தின் கீழ் வளர்ந்தது. பெயரே சொல்கிறது, அது எல்லாருக்குமான பள்ளி. தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1930இல் தொடங்கிய வித்யாலயம் ராமகிருஷ்ண மிஷனோடு இணைந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் அதற்குக் காந்தியடிகள் 1934இல் அடிக்கல் நாட்டினார். 1945இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஈரோட்டில் நிர்வாகச் சிக்கலில் தவித்த சிக்கய்ய நாயக்கர் கல்லூரியை அரசே ஏற்றுக்கொண்டது.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் கல்வி நிலையம் ஒரு குடும்பத்தின் அல்லது சிறு குழுவின் கையிலிருந்து பொதுமக்களை நோக்கி நகர்ந்தது. இப்போது பேசப்படும் மாற்றமோ பொதுமக்களின் கையிலிருந்து நிர்வாகத்தின் கைக்குப் போகிறது. இரண்டும் சட்ட நிலை மாற்றம்தான். ஆனால் போகும் திசை நேரெதிர். எந்த மாற்றத்தையும் எடைபோட நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே.

அரசு உதவி பெறும் நிலையம் என்பதன் பொருளை நாம் மறந்துகொண்டிருக்கிறோம். கட்டடம் நிர்வாகத்துடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அந்தச் சம்பளத்தின் பின்னால் இட ஒதுக்கீடு வருகிறது, கட்டண வரம்பு வருகிறது, பணி நியமனத்துக்கு விதி வருகிறது. பள்ளியானால் விலையில்லாப் பாடநூல், சீருடை, சத்துணவு, பதினோராம் வகுப்பில் மிதிவண்டி வருகின்றன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கியது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவருக்கும் அது உண்டு. பள்ளி சுயநிதியாக மாறிவிட்டால் அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைக்கு இந்த உரிமைகள் வராது. கல்லூரி தனியார் பல்கலைக்கழகம் ஆகிவிட்டால், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் திருப்பூர்த் தாய்க்கும் விசைத்தறி ஓட்டும் சோமனூர்த் தந்தைக்கும் எட்டும் கட்டணம் அங்கே இருக்குமா?

‘இப்போது படிப்பவர்களுக்குப் பாதிப்பில்லை, பணியில் இருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை’ என்பது இத்தகைய மாற்றங்களின்போது தரப்படும் வழக்கமான உறுதி. அதை நம்பலாம் என்றே வைத்துக்கொள்வோம். இழப்பு அவர்களுக்கு இல்லை. அடுத்த ஜூன் மாதம் சேர வரும் பிள்ளைக்கு, அதற்கடுத்த ஆண்டு ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கு. அவர்கள் இன்னும் வாசலுக்கு வரவில்லை என்பதால் அவர்கள் சார்பில் பேச ஆளில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 1991–92 கல்வியாண்டிலிருந்து புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது. அதாவது, உதவி பெறும் பள்ளிகளின் எண்ணிக்கை கூடுவதற்கு வழியே இல்லை. குறைய மட்டுமே முடியும். ஒன்று போனால் போனதுதான், அதன் இடத்தில் இன்னொன்று முளைக்காது.

பள்ளிகளில் இந்த மாற்றத்துக்குச் சட்ட மசோதாகூடத் தேவைப்படுவதில்லை. அது சத்தமில்லாமல் நடக்கும். அதே வளாகத்தில் ஆங்கில வழி வகுப்புகள் சுயநிதியில் தொடங்கும். நல்ல கட்டடம், புதிய பெஞ்சு, கணினி அறை அந்தப் பக்கம் போகும். தமிழ் வழியில் ஓய்வு பெறும் ஆசிரியரின் பணியிடம் நிரப்பப்படாது. ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பணியாளர் நிர்ணயத்தில் இருக்கும் ஆசிரியரே ‘உபரி’ ஆவார். சில ஆண்டுகள் கழித்து, ‘மாணவர் சேர்க்கை இல்லை, மூடுவதைத் தவிர வழியில்லை’ என்று கோப்பு எழுதப்படும். எந்தக் கட்டத்திலும் யாரும் விதியை மீறவில்லை என்று தோன்றும். ஆனால் முடிவில் ஊர் ஒரு பள்ளியை இழந்திருக்கும்.

சங்கம், அறக்கட்டளை என்ற வேறுபாட்டையும் நாம் கவனிக்க வேண்டும். கொங்கு நாட்டின் பல பள்ளிகள் ஊர்க் கல்விக் கழகங்களாகவும் சங்கங்களாகவும் தொடங்கியவை. காளிங்கராயன் வாய்க்கால் விவசாயியும், கடைவீதி வியாபாரியும், மில் தொழிலாளியும் சந்தா கட்டி உறுப்பினரானார்கள். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். ஆண்டுக்கொரு பொதுக்குழு கூட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், புகார் வந்தால் பதிவாளர் விசாரிக்கலாம். அதே பள்ளியின் நிர்வாகம் ஓர் அறக்கட்டளையோடு இணைக்கப்பட்டால், பொதுக்குழு இருந்த இடத்தில் அறங்காவலர் சிலர் மட்டும் இருப்பார்கள். அடுத்த அறங்காவலரை இருக்கும் அறங்காவலர்களே நியமிக்கும்படி பத்திரம் எழுதிக்கொள்ள முடியும். சந்தா கட்டியவரின் பேரனுக்கு அங்கே வாக்கு இல்லை, கேள்வி கேட்க நாற்காலியும் இல்லை.

மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின்படி அற ஆணையர் என்ற அதிகாரி உண்டு. அவர் அனுமதி இல்லாமல் பொது அறக்கட்டளையின் நிலத்தை விற்க முடியாது, அறங்காவலர் மாறினால் அவரிடம் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் கோயில்களுக்கும் சமய அறநிலையங்களுக்கும் துறை இருக்கிறது. கல்விக்கான பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அப்படியோர் அமைப்பு இல்லை. அறக்கட்டளை வழி தவறினால் பொதுமக்களுக்கு இருக்கும் முக்கியமான வழி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. நலன் சார்ந்த இருவராவது சேர்ந்து, நீதிமன்றத்தின் முன் அனுமதி வாங்கி, வழக்குத் தொடுக்கலாம். ஒரு பெற்றோர் ஆசிரியர் கழகம் எத்தனை ஆண்டு அந்த வழக்கை நடத்த முடியும்?

இங்கிலாந்தின் அனுபவம் நமக்குப் பாடம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அங்கே ஆயிரக்கணக்கான பள்ளிகள் உள்ளாட்சி நிர்வாகத்திலிருந்து விலகி, பல பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளைகளோடு இணைந்தன. அங்கேயும் பெரும்பாலும் நிலத்தை உள்ளாட்சியே வைத்துக்கொண்டு 125 ஆண்டுக் குத்தகைக்குத்தான் விட்டது. மாறும் முன் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படியும், இணைந்த பள்ளி தன் தனிச் சட்ட உருவத்தை இழந்து, பிடிக்கவில்லை என்றால் தானாக வெளியேற முடியாத நிலைக்கு வந்தது. குத்தகையும் கருத்துக் கேட்பும் இருந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், இரண்டுமே இல்லாத இங்கே நிலைமை என்னவாகும்?

நிர்வாகங்களின் வருத்தத்தில் உண்மை இல்லாமல் இல்லை. காலிப் பணியிடத்தை நிரப்ப ஒப்புதல் வர ஆண்டுகள் ஆகின்றன. பராமரிப்பு மானியம் சுண்ணாம்பு அடிக்கக்கூடப் போதாது. நூறாண்டுக் கட்டடத்தைக் காப்பாற்றும் தாளாளர் தன் பணத்தையும் போடுகிறார். பாடத்திட்டத்தில் தன்னாட்சி வேண்டும் என்ற கல்லூரிகளின் கோரிக்கையும் நியாயமானது. ஆனால் இந்தக் குறைகளுக்கு மருந்து மானியத்தை உயர்த்துவதும் ஒப்புதலை விரைவாக்குவதும் தன்னாட்சியை அகலப்படுத்துவதுமே. பொது நிலையத்தைத் தனியாராக்குவது மருந்தாகாது. கல்வி அறக்கட்டளைக்குக் கிடைக்கும் வருமான வரி விலக்கும் பொதுப் பணமே. கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்ட அமைப்புக்குத்தான் அந்த விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் உறுதியாகத் தீர்ப்பளித்தது. சலுகையைப் பொதுமக்களிடம் வாங்கிக்கொண்டு, பொறுப்பை அவர்களிடமிருந்து விலக்கிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

எனவே அரசிடம் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, அரசு உதவி பெறும் பள்ளியோ கல்லூரியோ சுயநிதியாகவோ தனியார் பல்கலைக்கழகமாகவோ மாறுவதைச் சட்டத்திலேயே தடுக்க வேண்டும். எந்தத் திருத்தம் வந்தாலும் ‘உதவி பெறும் நிலையங்கள் நீங்கலாக’ என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, நிர்வாக அமைப்பு மாறுவதாக இருந்தால் அந்த வளாகத்திலேயே பொது விசாரணை நடக்க வேண்டும். தமிழ் நாளிதழ்களில் அறிவிப்பு, பள்ளிப் பலகையில் அறிவிப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சிறப்புக் கூட்டம், முன்னாள் மாணவர் கருத்து ஆகியவற்றுக்குப் பிறகே கோப்பு நகரட்டும். இன்று அனுமதி என்பது தாளாளருக்கும் கல்வி அலுவலகத்துக்கும் இடையே ஓடும் கடிதமாகவே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, நன்கொடையாக வந்த நிலத்தையும், உதவி பெற்ற காலத்தில் சேர்ந்த சொத்தையும் கல்விக்கு மட்டும் என்று பதிவேட்டில் பதிந்து, வில்லங்கச் சான்றில் தெரியும்படி செய்ய வேண்டும். நான்காவது, கல்வி அறக்கட்டளைகளுக்கு மாநில அளவில் அற ஆணையரும், கணக்கை யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடும் வேண்டும். ஐந்தாவது, காலியாகக் கிடக்கும் உதவி பெறும் பணியிடங்களைக் காலக் கெடு வைத்து நிரப்ப வேண்டும். ஆசிரியரை அனுப்பாமல் பள்ளியைப் பட்டினி போட்டுவிட்டு, சேர்க்கை இல்லை என்று சொல்வது அநீதி.

கொங்கு மண்டலத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும் இதில் தங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூத்த நிர்வாகங்களும் முன்வந்து, ‘எங்கள் நிலையம் உதவி பெறும் நிலையமாகவே தொடரும்’ என்று எழுத்தில் உறுதி தரட்டும். முன்னோர் அறத்துக்கு எழுதி வைத்த பங்குக்கு அவர்கள் செய்யும் மரியாதை அதுதான்.

பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியை நடத்துவது சங்கமா அறக்கட்டளையா, நிலம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை பணியிடம் காலி என்பதை அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலேயே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். தீர்மானம் நிறைவேறி, பெயர்ப் பலகை மாறிய பிறகு கேட்கும் கேள்விக்கு நீதிமன்றத்தில்தான் பதில் தேட வேண்டியிருக்கும். இப்போது கேட்டால் பள்ளிக்கூடத்திலேயே பதில் கிடைக்கும்.