கான்ஸ்டன்ஷியா: ஒரு திராட்சைத் தோட்டமும் ‘வான்’ என்னும் சொல்லும்

குடும்பச் சொத்தாக வந்த ஒயின் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உரிமையாளர் வரிசையையே வரலாறாகக் கொள்கின்றனர். இன்னார் நிறுவினார், இன்னார் வாங்கினார், இன்னாருடைய மகன் பெருக்கினார் என்று அது கொடிவழியாக நீள்கிறது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை அடுத்துள்ள கான்ஸ்டன்ஷியாவுக்கும் அப்படியொரு கொடிவழி உண்டு. இந்திய வாசகர் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கில்லை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப் குடியேற்றத் தலைவர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685-இல் இந்நிலத்தைப் பெற்றார். அதை அளித்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மலபாரின் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் பதிவுசெய்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலுக்குக் காரணமான அதே மனிதர். 1712-இல் வான் டெர் ஸ்டெல் இறந்தபின் நிலம் துண்டுபட்டது. மாளிகை நின்ற பகுதியாகிய குரூட் கான்ஸ்டன்ஷியா சிலரிடம் கைமாறி, 1778-இல் ஹென்ட்ரிக் குளூட்டேயிடம் வந்தது. 1885-இல் கேப் அரசு வாங்கும்வரை அக்குடும்பத்திடமே இருந்தது. அதன் இனிப்பு ஒயின் செயின்ட் ஹெலினாவில் நெப்போலியனின் மேசைக்கும் ஜேன் ஆஸ்டினின் நாவலுக்கும் சென்றதை விற்பனை ஏடுகள் சொல்லி ஓய்வதில்லை.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ‘வான்’ என்னும் சிறு சொல். டச்சு மொழியில் ‘இன்ன இடத்தைச் சேர்ந்த’ என்பதே அதன் பொருள். வான் டெர் ஸ்டெல், வான் ரீட் ஆகிய பெயர்களில் அது குலச்சின்னம்; தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. கேப் அடிமைகளின் பதிவேடுகளிலும் அதே சொல் வருகிறது: வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமண்டல். இங்கு அது பிறந்த ஊரைக்கூடச் சொல்வதில்லை, கப்பல் ஏறிய கரையைச் சொல்கிறது. அவ்வடிமையின் பிள்ளை கேப்பில் பிறந்தால் ‘வான் டெ காப்’ ஆகிவிடும். தாயின் அடைமொழி பிள்ளைக்குச் செல்லாது. ஆகவே கொடிவழியும் இல்லை. ஒரே இலக்கண உறுப்பு ஒரு சாராருக்கு வம்சத்தை வழங்கி, மறு சாராருக்கு அதை மறுத்திருக்கிறது. 1652-க்கும் 1808-க்கும் இடையில் கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 63,000 அடிமைகளில் நான்கில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கம்பெனிக்குக் கோட்டைகள் இருந்தன என்பதும், பஞ்ச காலங்களில் அடிமை ஏற்றுமதி பெருகியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

உரிமையாளர் வரிசையே கலப்பற்றதன்று. வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டி இந்தியக் கரையைச் சேர்ந்த மோனிகா. தோட்டத்தை வைத்திருந்த ஒலோஃப் பெர்க் 1724-இல் இறந்தபின் அது அவர் மனைவி அன்னா டெ கோனிங்கின் கைக்கு வந்தது. அன்னாவின் தாய் ஆன்சலா வான் பெங்காலன், 1657-இல் யான் வான் ரீபெக்குக்கு விற்கப்பட்ட வங்கப் பெண். 1666-இல் பிள்ளைகளுடன் விடுதலை பெற்றவர். அடிமை மகள் அரண்மனை ஆண்டாள் என்று இதைக் கொண்டாடுவது எளிது. ஆனால் அன்னாவும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். உரிமையாளர் மாறினார், உடைமை முறை மாறவில்லை. இந்தியப் பூர்விகத்தைப் பெருமையாக எடுத்துரைப்போர் இவ்விடத்தில் சற்றே தயங்க வேண்டும்.

உழைத்தவர்களைப் பற்றிச் சான்று இல்லை என்பது வழக்கமான மறுமொழி. சான்று இருக்கிறது. கேப் குடியேற்றத்தில் உரிமையாளர் இறந்தால் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியல்களில் பீப்பாய், எருது, வண்டி ஆகியவற்றோடு ஆட்களின் பெயரும் எழுதப்பட்டது. பீப்பாய்களின் எண்ணிக்கையை அதே ஏட்டிலிருந்து மேற்கோள் காட்டும் ஆசிரியருக்கு ஆட்களின் பெயர் கண்ணில் படாமல் போவதற்கு ஏட்டைக் குறைகூற முடியாது. குளூட்டே குடும்பத்தின் நூற்றுச் சொச்ச ஆண்டுகளில் முதற்பாதி அடிமைமுறையின் கீழ்க் கழிந்தது. 1834 டிசம்பர் 1-இல் சட்டப்படி அது ஒழிந்தபின்னும், ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் நான்காண்டுகள் அதே மக்கள் அதே எசமானரிடம் கட்டுண்டிருந்தனர். ஒயினின் ஆண்டுகளை இவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கும் தோட்ட வரலாறுகள் 1834-ஐயும் 1838-ஐயும் குறிக்கலாம். ஒவ்வோர் உரிமையாளர் பெயரின் கீழும் அவர் காலத்துப் பட்டியலிலுள்ள பெயர்களை, வெறும் ‘வான் கோரமண்டல்’ ஆகவேனும், அச்சிடலாம்.